சுற்றமும் சுற்றோட்டமும்

எங்கள் வீட்டில் ‘இரத்தம்’ என்னும் சொல் இரண்டு இடங்களில்தான் வழங்கும். கால் இடறி விரல்நுனி பெயர்ந்தால் ஒன்று. உறவைப் பற்றிய பேச்சு எழுந்தால் மற்றொன்று. முதலாவதைவிட இரண்டாவதே அடிக்கடி நிகழ்ந்தது. ‘நம்ம ரத்தம்’ என்று அப்பா சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறும். ‘அது நம்ம ரத்தமே இல்ல’ என்று சொல்லிவிட்டாரானால் அதற்குமேல் பேச்சு இராது.

நாங்கள் மூவர். மூத்தவருக்கு வங்கிப் பணி. நடுவில் பிறந்தவள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கடைசியாகப் பிறந்தவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர். இதை எழுதும் கை அவருடையதுதான். ஆயினும் நினைவு மூவருக்கும் பொது என்பதால் ‘நாங்கள்’ என்று எழுதுவதே முறை.

2004இல் நடுவில் பிறந்தவள் தன் விருப்பப்படி, சாதிக்கு வெளியே, மணம் செய்துகொண்டாள். அன்றிரவு அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: “என் ரத்தத்துல பொறந்தவ இதச் செய்யமாட்டா.” அதன்பின் நான்காண்டுகள் அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஆண்மக்கள் இருவரும் அவளிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அவள் வீட்டுக்குப் போகத் துணியவில்லை. எங்கள் கோழைத்தனத்தை இங்கே மறைப்பதற்கில்லை.

2008ஆம் ஆண்டு அப்பாவுக்கு 58 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டியது. தலையணைகள் இரண்டு, மூன்று என்று உயர்ந்து, இறுதியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கலானார். மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் மேசைமேலிருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பிளந்து வைத்து எங்களுக்குப் பாடம் நடத்தினார். கவிதைகளில் நாங்கள் கண்ட இதயத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது நான்கு அறைகள் கொண்ட ஒரு வீடு. வலப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் இடையே முழுச்சுவர், கதவு கிடையாது. உடலெங்கும் திரிந்து ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் களைத்துத் திரும்பும் இரத்தம், பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்குள் வருகிறது. மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது. மூச்சுக்காற்றில் புத்துயிர் பெற்று இடது மேலறைக்குத் திரும்புகிறது. ஈரிதழ் வால்வு திறக்க, இடது கீழறைக்குள் பாய்ந்து, பெருந்தமனி வழியே உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை புறப்பட்டுப் போகிறது. அறைகள் அடுத்தடுத்து இருந்தபோதிலும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நேர்வழி இல்லை. நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாகவேண்டும்.

அப்பாவுக்குப் பழுதுபட்டிருந்தது அந்த ஈரிதழ் வால்வு. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர்வரை திறக்கவேண்டிய வாயில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. முன்னே போகவியலாத இரத்தம் நுரையீரலில் தேங்கியதால்தான் அந்த மூச்சுத்திணறல்.

அதற்கு மருத்துவர் சொன்ன காரணம் எங்களைத் திடுக்கிடச் செய்தது. சிறுவயதில் தொண்டையில் வந்துபோன ஒரு கிருமித்தொற்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள், கிருமியின் சாயல் இதய வால்விலும் தென்படவே, அதையும் பகையென்று கருதித் தாக்கிவிட்டன. காய்ச்சல் தணிந்து அனைவரும் மறந்த பின்னரும் வடு மட்டும் நாற்பது ஆண்டுகளாக இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. அதாவது, அப்பாவின் வால்வைச் சிதைத்தது அயலார் எவருமல்லர். தன்னுடையதை அயலென்று எண்ணிவிட்ட அவருடைய சொந்தக் குருதியே.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து, இரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். மூத்தவர் அன்றிரவே தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் விடியற்காலை அவள் வந்து நின்றாள். அவள் கணவர் மருத்துவமனை வாயிலுக்கு வெளியே, தேநீர்க்கடை ஓரமாக நின்றுகொண்டார். உள்ளே வரச்சொல்லி எங்களில் யாரும் அழைக்கவில்லை, வரவேண்டாமென்றும் சொல்லவில்லை.

இரத்த வங்கியில் ஒரு கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு இரத்தம் வைத்தார்கள். ஒன்றில் நீல நிறத் திரவம், அடுத்ததில் மஞ்சள் நிறத் திரவம், மூன்றாவதில் நிறமற்ற திரவம். நீலத்தில் திரிந்தால் ஏ; மஞ்சளில் திரிந்தால் பி; இரண்டிலும் திரிந்தால் ஏபி; இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. மூன்றாவது சொட்டு பாசிட்டிவா நெகட்டிவா என்பதைச் சொல்லும். மனித இரத்தம் ஒன்றல்ல, வகைப்பட்டது என்று 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்த அதே நிகழ்ச்சிதான் அந்தத் தகட்டில் எங்கள் கண்ணெதிரே நடந்தது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகவே.

அப்பா ஓ பாசிட்டிவ். மூத்தவர் ஏ. நடுவிலவள் பி. இளையவரும் பி. ஒருவர்கூடப் பொருந்தவில்லை. எங்கள் முகம் போன போக்கைக் கண்டு, ஆய்வகப் பணியாளர் “அம்மாவுக்கு என்ன வகை?” என்று கேட்டார். ஏபி என்றதும் சிரித்துவிட்டார். விண்ணப்பத்தின் பின்புறத்தில் பென்சிலால் நான்கு கோடுகள் இழுத்துக் காட்டினார். ஏபி தாயிடமிருந்து பிள்ளைக்கு ஏ அல்லது பி வந்தே தீரும். ஓ தந்தையிடமிருந்து இரண்டும் வாரா. மிக அரிதான விலக்குகளைத் தள்ளிவிட்டால், இவ்விருவருக்கும் ஓ வகைப் பிள்ளை பிறக்கவே பிறக்காது. ஓ வகையினரின் பிளாஸ்மாவிலோ ஏ, பி இரண்டுக்கும் எதிரான பொருள்கள் முன்னரே காவல் நிற்கின்றன. எங்கள் இரத்தம் அவருக்குள் சென்றால் அது நஞ்சு.

‘நம்ம ரத்தம்’ என்று வாழ்நாளெல்லாம் அவர் சொல்லிவந்த மூவரில் எவருடைய இரத்தமும் அவருக்கு ஆகாது. சொன்னபடி நடந்தவர்களும் சொல்லை மீறியவளும் அந்தக் கண்ணாடித் தகட்டில் ஒரே வரிசையில் நின்றோம்.

வகை பொருந்தியிருந்தாலும் நெருங்கிய உறவினரின் இரத்தத்தை அப்படியே ஏற்றத் தயங்குவார்கள் என்று அவர் மேலும் சொன்னார். காரணம் வெள்ளையணுக்கள். அயலாரின் வெள்ளையணு உள்ளே நுழைந்தால் உடல் அதை இனங்கண்டு அழித்துவிடும். உறவினருடையதோ சாயலில் ஒத்திருப்பதால் சிலவேளை அழிக்காமல் விட்டுவிடும். தப்பிய அணுக்கள் பெருகி, இடங்கொடுத்த உடலையே தாக்கும். அரிதாக நேர்வதுதான், ஆனால் நேர்ந்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பாது. ஆகவே அத்தகைய இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுவார்கள்.

எங்கள் இரத்தத்தை வங்கி பெற்றுக்கொள்ளும், அது வேறு யாருக்கோ போகும். அப்பாவுக்கு வேறு யாரோ தந்தது ஏறும் என்று ஏற்பாடாயிற்று. ஆண்மக்கள் இருவரும் கொடுத்தோம். நடுவிலவளுக்கு ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே இருந்ததால் எடுக்க மறுத்துவிட்டார்கள். அவள் பேசாமல் எழுந்து வெளியே போனாள். சிறிது நேரத்தில் தேநீர்க்கடையருகே நின்றவரை உடன் அழைத்துக்கொண்டு வந்தாள். தகட்டில் அவருடைய சொட்டுகளில் நீலமும் திரியவில்லை, மஞ்சளும் திரியவில்லை.

அறுவை நடந்த மணிநேரங்களில் அப்பாவின் இதயம் துடிக்கவில்லை. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். உடலின் இரத்தம் முழுவதும் குழாய்கள் வழியே ஓர் இயந்திரத்துக்குச் சென்று, ஆக்சிஜன் ஏற்றப்பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. 1953 மே மாதத்தில் ஜான் கிப்பன் என்னும் அமெரிக்க மருத்துவர் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்திய இயந்திரத்தின் வழித்தோன்றல் அது. இதயம் நின்றாலும் ஓட்டம் நிற்கக்கூடாது. அவ்வளவுதான் உயிருக்கு வேண்டியது.

வெளியே காத்திருந்த எங்களுக்கு, பிற்பாடு படித்தறிந்த வில்லியம் ஹார்வி அன்றே தெரிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர் காலம்வரை ஐரோப்பிய மருத்துவம் காலனைப் பின்பற்றி, உணவிலிருந்து ஈரலில் இரத்தம் ஊறுகிறது, உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன என்றே நம்பிவந்தது. ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கினார். உடலில் உள்ள மொத்த இரத்தத்தைவிட விடை பெரிதாக வந்தது. இவ்வளவையும் எந்த உணவாலும் ஊறச்செய்ய முடியாது. எனவே போவதுதான் திரும்ப வருகிறது என்று 1628இல் நூல் எழுதினார். தமனியிலிருந்து சிரைக்குச் செல்லும் வழியை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், மால்பிகி தவளையின் நுரையீரலில் உருப்பெருக்கி வழியாகத் தந்துகிகளைக் கண்டார். இன்றைய கணக்கு இன்னும் எளிது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. வளர்ந்தவர் உடலில் இருக்கும் ஐந்து லிட்டரும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகின்றன.

அப்பாவுக்கு நான்கு பை சிவப்பணுக்களும் இரண்டு பை பிளாஸ்மாவும் ஏறின. தானமாகப் பெற்ற இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று தேவைக்கேற்ப வெவ்வேறு நோயாளிகளுக்குத் தருவார்கள். ஆகவே ஆறு பைகளும் ஆறு பேருடையவையாக இருக்கலாம். பையின்மேல் எண், வகை, தேதி ஆகியவை மட்டும் இருந்தன. பெயர் இல்லை. ஊரும் இல்லை.

மூன்றாம் நாள் பேச்சு வந்தது. நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். நடுவிலவள் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்து, கூரையைப் பார்த்தபடி, “ரத்தம் குடுத்தாராமே அவரு. எனக்கா ஏத்துனாங்க?” என்று கேட்டார். அது யாருக்கும் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள் என்றோம். “யாருதாவும் இருக்கலாம்?” என்றார். ஆமென்றோம். மறுபடியும் மௌனம். பிறகு, “ரத்தம் குடுத்தா மயக்கம் வரும்னு சொல்வாங்க. அவரு ஏதும் சாப்பிட்டாரா?” என்றார்.

மன்னிப்பு, சமாதானம் என்ற சொற்களை எங்கள் வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை, அன்றும் உச்சரிக்கவில்லை. அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே நான்கு மாதங்களில் அந்த அயலாரின் அணுக்கள் யாவும் அப்பாவின் உடலில் அழிந்துபோயிருக்கும். ஆயினும் அணு அழிந்தாலும் அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்குவதில்லை. எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டுசென்று புதிய அணுக்களைச் செய்துகொள்கிறது. நாளொன்றுக்கு வெளியேறுவது ஓரிரு மில்லிகிராம்தான். பெயர் தெரியாத அந்த மனிதர்களின் இரும்பு அவருக்குள் பல்லாண்டுகள் சுற்றிவந்திருக்க வேண்டும்.

தமிழ் நடத்துபவருக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லைச் சுட்டாமல் இருக்க முடிவதில்லை. இரத்த பந்தம், இரத்த பாசம் என்று இன்று சொல்கிறோம். நம் பழைய சொற்களோ உறவுக்குக் குருதியைத் துணைக்கு அழைக்கவில்லை. ‘கேள்’ என்பது உறவினரையும் குறிக்கும், நண்பரையும் குறிக்கும். ‘சுற்றம்’ என்பது சூழ இருப்பவர். சுற்றமும் சுற்றோட்டமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது எங்களுக்கு அகராதியில் புலப்படவில்லை; தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் புலப்பட்டது.

அப்பா மேலும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தார். செயற்கை வால்வு மூடும்போது எழும் மெல்லிய ‘டிக்’ ஒலி, இரவின் அமைதியில் அடுத்த கட்டில்வரை கேட்கும். நடுவிலவளின் மகள் அவர் மார்பில் காதுவைத்து அதை எண்ணுவாள். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் உறங்கிப்போவாள். 2021இல் அப்பா மறைந்த இரவில், அந்த ஒலி இல்லாத வீட்டில் எங்களில் எவருக்கும் உறக்கம் வரவில்லை.

ஆண்மக்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்து வருகிறோம். மருமகப்பிள்ளையும் உடன் வருகிறார். நடுவிலவள் முருங்கைக்கீரையும் இரும்பு மாத்திரையுமாக ஒருவழியாக 12.5ஐத் தாண்டிவிட்டாள். யாருக்குப் போகும் என்று நாங்கள் கேட்பதில்லை. வீடு திரும்பும்போது அம்மா வாசலிலேயே நிற்பார். “நாலு பேரும் ஏதும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார்.