தடிமன் இரவு

மார்கழி மழை விட்டும் விடாத ஓர் இரவு. எட்டு மாதப் பேத்திக்கு மூன்று நாளாகத் தடிமன். முலையைக் கவ்வுவாள், நாலு இழுப்பு இழுப்பாள், பிறகு விட்டுவிட்டு வீறிட்டு அழுவாள்.

"பசியிலதான் அழுறாள் அம்மா. ஆனா குடிக்கிறாளில்லை" என்றாள் மகள்.

"மூக்கு அடைச்சிருக்குப் பிள்ளை. குடிக்கிறதோ, மூச்சு விடுறதோ? அவளும் என்ன செய்வாள்?"

பாமசியில் வாங்கிய உப்புநீர்ச் சொட்டு மருந்தில் இரண்டிரண்டு துளி மூக்கில் விட்டு, கொஞ்சம் பொறுத்துப் பால் கொடுத்தோம். குடித்தாள். நிமிர்த்தித் தோளில் போட்டு முதுகைத் தட்டியபடி விறாந்தையில் நடந்தேன்.

இதே விறாந்தையில் 1992இல் இவளுடைய தாயைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபின் எங்களுக்கு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும், அதுதான் விளக்கு. பிள்ளை கண்ணயர்ந்ததும் அப்பாடா என்று நான் சரிந்தேன். என் அம்மா சரியவில்லை. சட்டையை விலக்கி, விளக்கைக் கிட்டப் பிடித்து, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுக்கிறதா என்று பார்த்தார்.

"அழுற பிள்ளைக்குப் பயப்பிடாதை. அழாத பிள்ளைக்குத்தான் பயப்பிடோணும்."

இணுவிலில் அமெரிக்க மிஷன் 1898இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் தொடங்கிய மக்லியொட் ஆஸ்பத்திரியில் பிறந்தவர் அம்மா. எங்களைப் பெற்றதும் அங்கேதான். இந்தப் பாடம் மருத்துவிச்சிமாரிடம் வந்ததோ, பிள்ளை வளர்த்த அனுபவத்தில் வந்ததோ, நான் கேட்டு வைக்கவில்லை.

அம்மாவின் எல்லாக் கைவைத்தியத்தையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. நாக்கில் தேன் தடவுவார். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி விதை குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். நெஞ்சில் கற்பூர எண்ணெய் தேய்ப்பார். கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பையே கொண்டுவரலாம். மூக்கில் எண்ணெய் விடுவார், அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். ஏணையும் அப்படித்தான். சேலைத் தொட்டிலில் பிள்ளை வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சில் முட்டும், ஏற்கெனவே அடைத்த மூச்சு இன்னும் ஒடுங்கும். அதனால் எங்கள் வீட்டு ஏணை இப்போது பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இரவில் தலையணை இல்லாத தட்டையான படுக்கை, மல்லாந்த கிடை.

காய்ச்சல் ஏறினால் நிறைக்குத் தக்க அளவில் பனடோல் சிரப். மழைக்காலம் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலமும். ஆகவே டாக்டர் சொல்லாமல் வேறு காய்ச்சல் மருந்து எதுவும் வேண்டாம்.

நித்திரை வரட்டும் என்று பிரிட்டன் (Piriton) மருந்து கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். களைத்த தாயைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்த மருந்து தடிமனைத் தீர்ப்பதில்லை. அம்மா விளக்குப் பிடித்துத் தேடிய அடையாளத்தைத்தான் மறைக்கிறது. நோய்க்காரப் பிள்ளையின் நித்திரையும் மயக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுப்பினால் சிணுங்கி முலை தேடினால் அது நித்திரை. எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், நெஞ்சு உள்ளிழுத்தால், பால் குடிக்க மறுத்தால், நாப்பி காய்ந்தே இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 என்ற எண்ணை அழைத்து அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் ஒன்றே போதும், உடனே காட்ட.

இரண்டு மணிக்குப் பேத்தி உறங்கினாள். மகளைப் படுக்கச் சொன்னேன். கைபேசி வெளிச்சத்தைக் கையால் மறைத்துச் சட்டையை விலக்கிப் பார்த்தேன். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அரை மணிக்கொரு தடவை பார்த்தேன்.

எங்கள் இணுவில், தவில்மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர். விடியப்புறம் எங்கேயோ ஒரு வீட்டில் பொடியன் தவில் சாதகம் பண்ணத் தொடங்கினான். அதற்குப் பேத்தி அசையவில்லை. நான் குனிந்து காலைச் சுரண்டினேன்.

முகம் சுளித்தாள். வாயைக் கோணினாள். பிறகு வீடே எழும்பும்படி அழுதாள்.

"ஏனம்மா எழுப்பினீங்கள்?" மகள் பாதி நித்திரையில் கேட்டாள்.

"பாலைக் குடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.