பாமணியாற்றின் குமிழிகள்

கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை ஒட்டிய மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று கிளைவிடுகிறது. அதுவரை சொல்ல அதிகமில்லை. ஓடும் தண்ணீரில் காற்று கலந்திருக்கும். மீத்தேன் உருவாக அது தோதுப்படாது. மதகு வழியே இறங்கி வயலில் தண்ணீர் நின்ற பிறகுதான் கதை தொடங்குகிறது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குச் சற்று மேலே, பாமணியாற்றங்கரையில். தொளி உழுது நீர் கட்டினால், மண்ணிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். பிறகு நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகச் சுவாசத்துக்கு எடுத்துக்கொள்ளும். அவையும் தீர்ந்தால் ஆர்க்கியா உயிரிகளின் முறை. மட்கும் தாளடியிலிருந்து வரும் அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் கொண்டு மீத்தேனை உண்டாக்குபவை அவைதான். அதில் பெரும்பங்கு நெற்பயிரின் உள்துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. அதே வழியில் ஆக்சிஜன் வேருக்கு இறங்குகிறது. பயிரைப் பிடுங்கி அலசிப் பாருங்கள், வேரில் துருநிறம் ஏறியிருக்கும். ஆக்சிஜன் பட்ட இரும்பு அது. மீத்தேனைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அங்கேதான் குடியிருந்து, ஒரு பகுதியை வெளியே விடாமல் செரித்துவிடுகின்றன.

பங்குனியில் ஆறு வறண்டு ஆங்காங்கே மடுக்கள் மட்டும் கிடக்கும். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு ஊரே ஆற்றுக்குள் இறங்கி நடக்கும். தவழும் கண்ணனாகப் பல்லக்கில் வரும் பெருமாள் மேல் வீச, வாழையிலையில் பொதிந்த வெண்ணெய் எல்லார் கையிலும் உருகிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் மடுவோரத்தில் என் கால் புதைந்ததும் குமிழிகள் கொப்பளித்து வந்தன.

"சித்தப்பா, என்னது இது?"

"சேத்துக் காத்துடா. தள்ளி நில்லு."

பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மடுவுக்குள் கவிழ்த்துப் பிடித்தார். அதன் கீழே கம்பால் சேற்றைக் கிளறக் கிளற, பாட்டிலுக்குள் காற்று ஏறித் தண்ணீர் இறங்கியது. வாயைக் கட்டைவிரலால் பொத்தி வெளியே எடுத்து, விரலை விலக்கித் தீக்குச்சி காட்டினார். வெயிலில் தீயே தெரியவில்லை. மேலே பிடித்த சருகு கருகியபோதுதான் நம்பினேன். 1776-இல் மாஜோரே ஏரிக்கரையில் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா இதே மாதிரி சேற்றைக் கிளறித்தான் மீத்தேனைப் பிடித்தார் என்று பிற்பாடு படித்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பல்லக்கு கடைத்தெருவைத் தாண்டிவிட்டது. மிச்ச வெண்ணெயை அங்கிருந்த ஒரு தூணில் அப்பிவிட்டு வந்தோம்.

மன்னார்குடிக்குக் கீழே ஆகாயத்தாமரை, சாக்கடை, தூர்ந்த வடிகால். தண்ணீர் நின்று அழுகும் இடமெல்லாம் மீத்தேன் கலன்தான்.

டெல்டாக்காரர்களுக்கு மீத்தேன் என்றால் 2010-இல் ஒப்பந்தமான திட்டம்தான் நினைவுக்கு வரும். நிலக்கரிப் படுகையில் காலங்காலமாக அடைபட்ட வாயுவை உறிஞ்ச வந்த திட்டம் அது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-இல் அத்திவெட்டியில் காலமானார். 2020-இல் டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. அந்தப் போராட்டம் நியாயமானது. வயலில் அன்றாடம் உருவாகும் மீத்தேனைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் வைத்தால் அது ஏறத்தாழ பாதியாகக் குறையும். காய்ந்த மண்ணில் காற்று புகுந்தால் ஆர்க்கியா அடங்கிவிடும். ஆனால் அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரர் வயலைக் காயவிடுவாரா? வரும்போதே கட்டிக்கொள்கிறார்.

ஆறு போய்ச் சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கதை மாறுகிறது. கடல்நீரின் சல்பேட்டை நம்பி வாழும் பாக்டீரியாக்கள் ஆர்க்கியாவுக்கு இரை அதிகம் மிஞ்சவிடுவதில்லை. ஆழத்தில் உருவாகும் மீத்தேனிலும் பெரும்பகுதி ஆக்சிஜன் இல்லாமலே அங்கு செரிக்கப்பட்டுவிடுகிறது. இறால் பண்ணைக் கழிவை அளவுமீறிக் கொட்டினால் இந்தக் கணக்கும் பிசகும்.

முறைத் தண்ணீரை நாள் சொல்லி விடுங்கள். வடிகால்களைக் கோடையிலேயே தூர்வாருங்கள். வயலைக் காயப்போட விவசாயியிடம் அதற்குப் பிறகு கேளுங்கள்.