தலைசுற்றலும் ஒரு விமர்சனம்தான்

(எச்சரிக்கை: கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் கீழே போட்டு உடைக்கப்பட்டிருக்கின்றன. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

'தி பார்ன் சுப்ரீமசி' 2004 ஜூலையில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. அதே வருடம் டிசம்பரில் டிவிடியும் வந்துவிட்டது. நடுவில் ஐந்தே மாதம். ஆனால் தியேட்டரில் பார்த்தவர்களையும் டிவிடியில் பார்த்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டால், இரண்டு வேறு படங்களைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று சந்தேகம் வரும்.

தியேட்டர் கட்சியின் புகார் ஒன்றே ஒன்றுதான்: கேமரா ஆடுகிறது. சும்மா இல்லை, குமட்டல் வருகிற அளவுக்கு ஆடுகிறது. சண்டையில் யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியவில்லை. பாதிப் படம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், கொடுத்த காசு வீண் என்று புலம்பியவர்கள் உண்டு. டிவிடி கட்சியோ, "அப்படியா? எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நன்றாகத்தானே இருந்தது" என்றது. உடனே தியேட்டர் கட்சிக்குக் கோபம். இவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர்களும், அவர்களுக்கு ரசிக்கத் தெரியவில்லை என்று இவர்களும்.

யார் சொல்வது சரி? இரண்டு பேருமே சரி. அதில்தான் சுவாரஸ்யம்.

பஸ்ஸில் உட்கார்ந்து புத்தகம் படித்தால் சிலருக்கு வாந்தி வருகிறது இல்லையா? உடம்பு குலுங்குகிறது என்று காது சொல்கிறது, எதிரே எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பும். தியேட்டரில் இதே வழக்கு தலைகீழாக நடக்கிறது. உடம்பு நாற்காலியில் சும்மா இருக்கிறது, கண் மட்டும் மாஸ்கோ தெருக்களில் உருண்டு புரள்கிறது. திரை எவ்வளவு பெரிதோ, பார்வையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறதோ, அவ்வளவு குழப்பம். முன் வரிசைக்காரர்கள் பாடு சொல்லவே வேண்டாம். வீட்டில் பத்தடி தள்ளி ஒரு சின்ன டிவி, சுற்றிலும் அசையாத சுவர், அலமாரி, காலண்டர். அதனால் தலை சுற்றவில்லை. ரசனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, கேமரா ஏன் ஆடியது? முதல் பாகமான 'தி பார்ன் ஐடென்டிட்டி' (2002) டக் லைமன் இயக்கியது. அதில் பாரிஸ் அபார்ட்மெண்டில் ஒரு சண்டை வரும். எதிராளி கையில் கத்தி, பார்ன் கையில் பேனா. வேகமான சண்டைதான், ஆனாலும் எந்தக் கை எங்கே போகிறது என்று புரியும். இரண்டாம் பாகத்துக்கு வந்தவர் பால் கிரீன்கிராஸ். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் புலனாய்வுச் செய்திப்படங்கள் எடுத்து வளர்ந்தவர். 1972ல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள்மீது ராணுவம் சுட்டதை 'பிளடி சண்டே' (2002) என்று படமாக்கியவர். அதில் கேமரா கூட்டத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள் மாதிரி ஓடும், பதுங்கும், தடுமாறும். அதே பழக்கத்தோடுதான் பார்னிடம் வந்தார். இரண்டு பாகத்துக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, ஆலிவர் வுட். ஆக, மாறியது கேமராவைப் பிடித்தவர் இல்லை, கேமராவிடம் என்ன கேட்கப்பட்டது என்பதுதான்.

எடிட்டிங்கும் சேர்ந்துகொண்டது. இந்தப் படத்தில் ஒரு ஷாட் சராசரியாக இரண்டு விநாடிதான் நிற்கிறது. திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் 2007ல், மூன்றாம் பாகம் வந்த சமயத்தில், இந்தப் பாணியை வைத்து விரிவாகவே எழுதினார். அதாவது, தலை சுற்றியவர்கள் தனியாக இல்லை. வாழ்நாள் முழுக்க சினிமாவைப் படித்த மனிதரும் அதே இடத்தில்தான் நின்று யோசித்திருக்கிறார்.

ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில், "பார்ன் குழப்பத்தில் இருக்கிறான், அதனால் நமக்கும் குழப்பம்" என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சண்டை என்று வந்துவிட்டால் அந்த அறையில் குழம்பாத ஒரே ஆள் பார்ன்தான். மியூனிக் வீட்டுச் சண்டையில் எதிராளி கத்தியை எடுக்கிறான். பார்ன் ஒரு பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கிறான். போகிற போக்கில் கேஸ் குழாயைத் திறந்துவிட்டு, இன்னொரு பத்திரிகையை டோஸ்டருக்குள் செருகிவிட்டு வெளியேறுகிறான். வீடு வெடிக்கிறது. இவ்வளவு தெளிவாகத் திட்டம் போடுகிறவன் கண்ணுக்கு உலகம் ஆடுமா? ஆடுவது அவன் பார்வை இல்லை. அவன் பக்கத்தில் நின்று, அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறவனின் பார்வை. அப்படி எடுத்துக்கொண்டால் அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் கிடைக்கிறது. குமட்டலுக்கு மருந்து கிடைக்காது.

அடுத்த கட்சி நாவல் வாசகர்கள். ராபர்ட் லட்லமின் நாவல் 1986ல் வந்தது. கதை ஹாங்காங் பக்கம் நடக்கும். மரி கடத்தப்படுவாள், அவளை மீட்கத்தான் எல்லாம். படத்தில் கிட்டத்தட்ட பெயர் மட்டும் மிச்சம். கோவாவில் கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மரி இறந்துபோகிறாள். அதுவும் எப்படி? பார்ன் அவளை ஓட்டச் சொல்லி இடம் மாறி உட்கார்கிறான். அவனுக்குக் குறிவைத்த குண்டு அவள்மேல் பாய்கிறது. முதல் பாகத்தில் ஃபிராங்கா பொட்டென்டேயைப் பிடித்துப்போனவர்களுக்கு இது துரோகமாகவே பட்டது. நியாயம்தான். ஆனால் அந்தச் சாவு இல்லாவிட்டால் இந்தப் படம் இல்லை. பழிவாங்கும் கதை என்றுதானே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்?

அங்கேதான் படம் ஏமாற்றுகிறது, நல்ல விதத்தில்.

மாஸ்கோ கார் துரத்தலை எல்லோரும் பேசினார்கள். மஞ்சள் வோல்கா டாக்ஸி, பின்னால் கறுப்பு மெர்சிடிஸ் ஜீப், சுரங்கப்பாதை, கான்கிரீட் தூண். கார் முழுக்க அடிபட்டுக்கொண்டே ஓடும்போது உள்ளே மேட் டேமன் முகம் எப்படி அவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது என்ற கேள்விக்குப் பதில் டிவிடியின் உபரிப் பகுதியில் இருந்தது. 'கோ மொபைல்' என்ற ஓடும் மேடைமேல் காரை ஏற்றிவிடுவார்கள். ஸ்டண்ட் ஓட்டுநர் தனியாக உட்கார்ந்து மேடையை ஓட்டுவார், நடிகர் காருக்குள் இருந்து நடிப்பார். இதைப் பார்த்தபின் அந்தக் காட்சியின்மேல் இருந்த எரிச்சல் குறைந்தவர்கள் நிறைய. தியேட்டரில் கிடைக்காத வசதி இது.

ஆனால் துரத்தலின் முடிவில் மரியைக் கொன்றவன் நசுங்கிய காருக்குள் கிடக்கிறான். பார்ன் துப்பாக்கியை நீட்டுகிறான். சுடவில்லை, திரும்பி நடக்கிறான். நொண்டிக்கொண்டே ஒரு இளம்பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். பல வருடம் முன்பு, தன் முதல் வேலையாக, பெர்லின் ஓட்டலில் அவள் பெற்றோரைக் கொன்றவன் அவன்தான். அம்மாதான் அப்பாவைக் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டாள் என்று நம்பி வளர்ந்தவள் அந்தப் பெண். அப்படி இல்லை, செய்தது நான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். அடுத்து நியூயார்க்கில் ஒரு குட்டிக் காட்சி, மோபியின் பாட்டு, முடிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த ஆக்‌ஷன் படத்தின் உச்சம், பனியில் நனைந்த ஒருத்தன் ஒரு பெண்ணிடம் உண்மையை ஒப்புக்கொள்வது. அந்தக் காட்சியிலும் கேமரா கையில்தான் இருக்கிறது. ஆனால் ஓடவில்லை. அவனும் ஓடவில்லை.

தலை சுற்றிக் கண்ணை மூடியவர்களின் உண்மையான நஷ்டம் இதுதான். துரத்தலில் கண்ணை மூடியவருக்கு, அவன் ஏன் சுடாமல் நடந்தான் என்பதும் போய்விட்டது. "பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே" என்று அவர்களிடம் சொல்வது சுலபம். ஆனால் படம் சொல்ல வந்த விஷயத்தைப் பார்வையாளர்களில் ஒரு பகுதிக்கு எட்டாமல் செய்தது அவர்கள் உடம்பு மட்டுமில்லை, படமும்தான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் பாகம் 'அல்டிமேட்டம்' (2007) இதே பாணியில் வந்து எடிட்டிங், ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு என்று மூன்று ஆஸ்கர் வாங்கியது. காரணமே இல்லாமல் கேமராவை ஆட்டும் படங்கள் வரிசையாக வந்தன. 2014ல் 'ஜான் விக்' நீளமான, தெளிவான ஷாட்களில் சண்டையைக் காட்டியபோது பலர் "அப்பாடா" என்றார்கள். 2004ல் குமட்டியவர்கள் அன்று கேட்டதும் இதைத்தான்.

இன்று யாராவது சுப்ரீமசியைப் பார்ப்பதாக இருந்தால்: கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். விளக்கை அணைக்க வேண்டாம். துரத்தல் முடிந்ததும், படம் முடிந்தது என்று ரிமோட்டைத் தேடாதீர்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவு திறக்கட்டும்.