கேம் நதிக்கரையில் கிரேக்கம்

லண்டன் மாநகருக்கு வடக்கே சுமார் 50 மைல் தூரத்தில் கேம்பிரிட்ஜ் நகரம் இருக்கிறது. அதை ஒட்டிச் செல்லும் கேம் நதி மிகச் சிறியது. காவேரியைக் கண்டவர்கள் அதை வாய்க்கால் என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் அதன் கரையில் வரிசையாக நிற்கும் கலாசாலைகளின் புகழ் உலகமெங்கும் பரவியிருக்கிறது.

அவற்றுள் ஒன்றான குவீன்ஸ் கலாசாலையில், 1511-ஆம் ஆண்டு முதல் சில வருஷ காலம் எராஸ்மஸ் என்ற டச்சுப் பேரறிஞர் தங்கிக் கிரேக்கம் கற்பித்தார். 1540-இல் எட்டாவது ஹென்றி மன்னன் கிரேக்க பாஷைக்கென்றே ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினான். அன்று தொடங்கிய படிப்பு இன்று வரையில் அங்கே நடந்து வருகிறது.

கிரேக்கத்தில் எழுத்துக்கள் 24 தான். அவற்றை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். வினைச்சொற்களிடம் வந்த பிறகே மாணாக்கனுடைய பொறுமைக்குச் சோதனை ஏற்படுகிறது. ஸம்ஸ்கிருதம் பயின்ற நம்மவர்க்கோ அங்கே பழகிய முகங்கள் பல தென்படும். ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை உண்டு. செயலின் பயன் செய்பவனையே சேருமிடத்து, ஆத்மநேபதத்தைப் போல வினைக்கு வேறு வடிவம் உண்டு. இவற்றையெல்லாம் கடந்தவனுக்கு ஹோமரின் காவியங்களும், ஸோபோக்ளிஸின் நாடகங்களும், பிளேட்டோவின் உரையாடல்களும் மூலத்திலேயே கைகூடும்.

இத்தகைய அருங்கல்வி ஒரு காலத்தில் இந்தியாவை ஆளும் பதவிக்குத் திறவுகோலாகவும் இருந்தது. ஐ.சி.எஸ். போட்டிப் பரீட்சைக்கு மெக்காலேயின் குழு 1854-இல் ஒரு திட்டம் வகுத்தது. அதில் கிரேக்கத்துக்கு 750 மார்க். ஸம்ஸ்கிருதத்துக்கு 375 மார்க்! இந்தியாவில் நியாயம் வழங்க வருபவனுக்கு, இந்தியாவின் பழம்பாஷையைப் போல் இரு மடங்கு மதிப்பு ஏதென்ஸ் நகரத்துப் பாஷைக்கு அளிக்கப்பட்டது. தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

அந்தத் திறவுகோலைக் கையில் பெற்ற இந்திய இளைஞர் ஒருவர், 1890-இல் கிங்ஸ் கலாசாலைக்கு உபகாரச் சம்பளம் பெற்று வந்து சேர்ந்தார். அவரே ஸ்ரீ அரவிந்தர். அதே ஆண்டில் ஐ.சி.எஸ். பரீட்சையிலும் தேறினார். 1892-இல் கிரேக்கமும் லத்தீனும் அடங்கிய டிரைபாஸ் பரீட்சையின் முதற் பகுதியில் முதல் வகுப்பு அடைந்தார். ஆயினும் குதிரையேற்றப் பரீட்சைக்கு அவர் ஆஜராகாததால் உத்தியோகம் கிடைக்கவில்லை. 1893-இல் தாய்நாடு திரும்பினார்; பிறகு சுதந்தரப் போரில் குதித்தார். 1910-இல் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே, டிராய் நகரத்தின் கடைசி நாளைப் பொருளாகக் கொண்டு, ஹோமரின் சந்தத்தைத் தழுவி, 'இலியான்' என்ற ஆங்கில காவியத்தை எழுதி வந்தார். கேம் நதிக்கரையில் கற்ற கல்வி வங்கக் கடற்கரையிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

கேம்பிரிட்ஜில் சேருகிறவர்கள் எல்லோரும் கிரேக்கம் அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் முதல் உலக யுத்தம் முடிந்ததும் 1919-இல் ஒழிந்தது. இந்தியாவை ஆளும் உத்தியோகமும் 1947-இல் போயிற்று. கிரேக்கம் படித்தால் அதிகாரம் வரும் என்ற ஆசைக்கு இப்போது இடமில்லை. ஆனால் படிப்போ நின்றுவிடவில்லை. பள்ளியில் ஓர் எழுத்தும் அறியாதவர்கள் கூடச் சர்வகலாசாலைக்கு வந்து அதைத் தொடங்கலாம். அறிஞர் சிலர் 1997-இல் ஆரம்பித்து, பழைய நூல்களையெல்லாம் மறுபடி வாசித்துத் தொகுத்த புதிய கிரேக்க அகராதி 2021-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

உத்தியோகத்துக்காகக் கற்ற கூட்டம் கலைந்த பின்னரும் இந்த நதிக்கரையில் கிரேக்கம் நிலைத்திருக்கிறது. பழம்பாஷைகளைப் பெற்றிருக்கும் பெருமை நமக்கும் உண்டு. பெருமை பேசுவதோடு நில்லாமல், ஒரு சொல்லின் பொருளைத் தேடி இருபது வருஷம் உழைக்கக் கூடியவர்களை நம் வீடுகளிலிருந்தும் அனுப்ப வேண்டாமா?