கிருஷ்ணாபுரத்துக் கம்பிகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது கிருஷ்ணாபுரம். பேருந்தில் என்னோடு இறங்கியவர்கள் சிற்பம் பார்க்கக் கோயில் பக்கம் திரும்பினார்கள். நான் கேட்டுப் போனது இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு. 1992-இல் இயங்கத் தொடங்கிய ரேடார் அங்கே இருந்தது. சுழலும் தட்டு ஒன்றைத் தேடியவனுக்கு வெட்டவெளியில் கம்பங்களும் கம்பிகளும்தான் தென்பட்டன.

பழைய வானொலியின் மத்திய அலைக்குச் சற்று மேலே, 1.98 மெகாஹெர்ட்ஸில் இந்த ரேடார் துடித்தது. ஓர் அலையின் நீளமே சுமார் 150 மீட்டர். தரைக்கு மேலே 70 முதல் 100 கிலோமீட்டர் வரையில் எலக்ட்ரான்கள் திட்டுத்திட்டாக மிதக்கின்றன. துடிப்பில் துளியூண்டு அவற்றில் பட்டுத் திரும்பும். மேக நிழல் வயலைக் கடப்பதுபோல அந்த எதிரொலியின் கோலம் தரையில் ஓடுகிறது. முக்கோணமாக நிற்கும் மூன்று ஆண்டெனாக்களை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் அது தொடுகிறது என்பதிலிருந்து காற்றைக் கணக்கிடுகிறார்கள். கோலம் ஓடும் வேகத்தில் பாதிதான் காற்றின் வேகம்!

"மூணுல ஒண்ணு ஊமையாயிட்டா மத்த ரெண்டும் இருந்து புண்ணியமில்ல, சார்" என்றார் பராமரிப்புப் பணியாளர். ஒரு கம்பத்தடியில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. ஊதித் தள்ளிவிட்டு, செப்பு முனையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். சிவப்பு தெரிந்த பிறகும் விடவில்லை. நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்துக்கொண்டார்.

இந்தக் கெடுபிடி எதற்கென்று கணினி அறையில் விளங்கியது. அந்த உயரத்தில் சூரிய வெப்பத்தால் காற்றில் எழும் தினசரி ஏற்றவற்றம் பலமானது. அதைக் கழித்தால் மிஞ்சுவதில், வடக்கு நோக்கிய காற்று மறுநாள் தெற்கே சாய்ந்து, அதற்கடுத்த நாள் மறுபடி வடக்கே திரும்புகிறது. இதுதான் இரண்டு நாள் அலை. ஆறரை நாள், பதினாறு நாள் அலைகளும் உண்டு. பதினாறு நாள் அலை என்று துணிந்து சொல்ல, அது நாலைந்து முறையாவது வந்து போக வேண்டும். அதற்கே இரண்டு மாதத்துக்கு மேல் பதிவு வேண்டும். இரவில் கீழடுக்கில் எலக்ட்ரான் வற்றி எதிரொலி குறையும். காந்த நடுக்கோடு பக்கத்தில் ஓடுவதால், பகலில் மேலடுக்கில் கிடைக்கும் வேகத்தையும் அப்படியே நம்புவதற்கில்லை. இயற்கையே இவ்வளவு பிடித்தம் செய்யும்போது, களிம்பேறிய ஒரு முனையால் மேலும் ஒரு வாரம் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? கட்டுரைகளில் அலைக்குப் பெயர் இருக்கிறது, உப்புத்தாளுக்கு இல்லை.

அலை உலகைச் சுற்றி எத்தனை முகடுகளோடு நகர்கிறது என்பதை ஓரிடத்து ரேடார் சொல்லாது. தொலைவான தீர்க்கரேகையில் இன்னொன்று வேண்டும். பசிபிக்கின் கிறிஸ்துமஸ் தீவிலும் இதே வகை ரேடார் இயங்கியது. ஆனால் ஒப்பிட வேண்டுமானால் இரண்டு இடத்திலும் ஒரே நாட்களின் பதிவு இருந்தாக வேண்டும்.

"ஐப்பசில இடி ஆரம்பிச்சிரும் அண்ணாச்சி, அப்ப என்ன செய்வீங்க?" என்று கம்பத்தடிக்குத் திரும்பி வந்து பணியாளரிடம் கேட்டேன்.

"அதுக்கு முன்னால எல்லாக் கம்பத்துக்கும் எர்த் பாக்கணும்லா" என்றவர், பெட்டியை மூடித் திருகிவிட்டு அடுத்த கம்பத்துக்கு நடந்தார்.