பயாஸ் எழுதும் நிமிடங்கள்

அக்டோபர் 14

மதர்போர்டின் ஒரு மூலையில் எட்டுக் கால்கள் கொண்ட சிறிய சிப் ஒன்று இருக்கும். நாலைந்து நெல்மணிகளை ஒட்டி வைத்த அளவுதான். 25க்யூ64, 25க்யூ128 போன்ற எண் அதன் மேல் அச்சாகியிருக்கும். முதலாவது 8 எம்பி, அடுத்தது 16 எம்பி கொள்ளும். கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தியதும் பிராசசர் தேடிப் போவது ஹார்டு டிஸ்கை அல்ல, இந்தச் சிப்பில் எழுதப்பட்ட பயாஸைத்தான். ரேம் எவ்வளவு, கீபோர்டு இருக்கிறதா, விண்டோஸ் எந்த டிஸ்கில் கிடக்கிறது என்பதெல்லாம் பயாஸ் சொல்லித்தான் பிராசசருக்குத் தெரிகிறது.

பயாஸ் அப்டேட் என்பது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிப்பில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. ஆபத்து முழுக்க இதில்தான் இருக்கிறது. விண்டோஸ் கெட்டால் பென்டிரைவில் இருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பயாஸ் கெட்டால் அந்தப் பென்டிரைவை அடையாளம் காணவே மெஷினில் ஆளில்லை. ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். முத்துப்பேட்டை சர்வீஸ் கடைகளில் இதை ஒரே சொல்லில் 'போர்டு டெட்' என்பார்கள்.

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது பயாஸ் மாற்றி எழுத முடியாத ரோம் சிப்பில் இருந்தது. தொண்ணூறுகளில் திருத்தி எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப்கள் வந்தன; வசதியோடு அபாயமும் வந்தது. அதை உலகுக்குக் காட்டியது சிஐஎச் வைரஸ். தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய இந்த வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று விண்டோஸ் 95, 98 மெஷின்களில் விழித்துக்கொண்டு ஹார்டு டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. பிறகு பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதப் பார்த்தது. தென்கொரியாவும் துருக்கியும் பலமாக அடிபட்டன. அன்று பல போர்டுகளில் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்ததால், பிடுங்கிவிட்டு நல்ல சிப்பைப் போட முடிந்தது. இன்றைக்குப் பெரும்பாலான போர்டுகளில் சிப் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டே வருகிறது.

அக்டோபர் 20

'ஓடுற மெஷின்ல கை வைக்காதே' என்பது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. இது பாதி சரி. காரணமில்லாமல், புது வெர்ஷன் வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பயாஸை மாற்றத் தேவையில்லை. ஆனால் காரணம் இருக்கும்போது மாற்றாமல் விடுவதும் ஆபத்துதான்.

13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்கள் இதற்கு அண்மைச் சான்று. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே தேய்த்துக்கொள்ளும் கோளாறு அவற்றின் உயர்ரக மாடல்களில் இருந்தது. 2024 ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்ற மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தங்களை இன்டெல் வெளியிட்டது. அவை மதர்போர்டு நிறுவனங்களின் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது என்பதையும் அந்த நிறுவனமே சொல்லி, வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. இப்படிப்பட்ட பிராசசர் உள்ள மெஷினில் 'கை வைக்காதே' என்று சொல்வது பிழையான யோசனை.

பாதுகாப்பு இன்னொரு காரணம். பயாஸ் எழுதும் நிறுவனங்களில் முதன்மையானது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியது. சென்னையிலும் அதற்கு நிறுவனம் உண்டு. முத்துப்பேட்டையில் ஓடும் மெஷின்கள் பலவற்றில் 'டெலிட்' பட்டனை அழுத்தினால் வருவது இவர்களுடைய பயாஸ்தான். சோதனைக்காக மட்டும் இந்நிறுவனம் கொடுத்த ஒரு செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் காவல்) சாவியை, 'நம்பாதீர்கள்' என்று அதன் பெயரிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தும், பல தயாரிப்பாளர்கள் மாற்றாமல் அப்படியே விற்பனைக்கு விட்டுவிட்டார்கள். அந்தச் சாவி வெளியே கசிந்ததும், நூற்றுக்கணக்கான மாடல்களில் அது இருப்பதும் 2024 ஜூலையில் தெரியவந்தது. இதற்கும் மருந்து புதிய பயாஸ்தான். மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டு செக்யூர் பூட் சான்றிதழ்களுக்கு 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதி வைக்கப்பட்டிருப்பதால், சில பழைய மெஷின்களுக்கு அந்த வகையிலும் அப்டேட் வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம், புது பிராசசர். இதில் வரிசை தவறினால் வேலை கெடும். எச்61 போர்டு வாங்கியவர்கள், 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசசர் அதே சாக்கெட்டில் உட்காரும் என்று நம்பி மாட்டினார்கள். சாக்கெட்டில் உட்கார்ந்தது, பழைய பயாஸுக்கு அது யாரென்று தெரியவில்லை, திரை வரவில்லை. பழைய பிராசசரை வைத்துக்கொண்டு முதலில் அப்டேட், பிறகு புதியது என்பதே முறை. பழையதைக் கழற்றிக் கையோடு விற்றுவிட்டவருக்கு, அதே ரகத்தில் ஒன்றை இரவல் தேட வேண்டியிருக்கும்.

அக்டோபர் 29

அப்டேட் கெடுவதற்குக் கரண்ட் போவதைவிடத் தவறான ஃபைலே முந்திக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஒரே மாடல் பெயரில் ரிவிஷன் 1, ரிவிஷன் 2 என்று வேறு வேறு போர்டுகள் வருகின்றன. அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது. போர்டின் ஓரத்தில் வெள்ளை மையில் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதைப் படிக்க வேண்டும். தூசி படிந்திருந்தால் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. தயாரிப்பாளரின் கருவி, தவறான ஃபைலைப் பெரும்பாலும் மறுத்துவிடும். அந்த மறுப்பைச் சுற்றிப்போக வழி தேடுபவர்தான் போர்டை இழக்கிறார்.

ஃபைலோடு வரும் குறிப்பையும் படிக்க வேண்டும். மிகப் பழைய வெர்ஷனில் இருந்து நேராகப் புதியதற்குத் தாவ முடியாமல், நடுவில் ஒரு வெர்ஷனை ஏற்றச் சொல்லும் போர்டுகள் இருக்கின்றன. சிலவற்றில் ஏறினால் இறங்க முடியாது. பழையதற்குத் திரும்பும் வழியைத் தயாரிப்பாளரே அடைத்துவிடுகிறார். ஏஎம்4 போர்டுகளில் இன்னொரு சிக்கல் வந்தது. 16 எம்பி சிப்பில் இடம் போதாமல், 2019இல் வந்த ரைசன் 3000 வரிசையைச் சேர்க்கும்போது, பழைய ஏ வரிசை பிராசசர்களுக்கான பகுதியைச் சில நிறுவனங்கள் எடுத்துவிட்டன. பழைய பிராசசரை வைத்துக்கொண்டே அந்த வெர்ஷனை ஏற்றினால், ஓடிக்கொண்டிருந்த மெஷின் அதோடு நின்றுவிடும்.

நவம்பர் 16

2018இல் இதே நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. முத்துப்பேட்டையைச் சுற்றிய தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாளில் யாரும் பயாஸ் எழுதப் போவதில்லை. ஆபத்து சாதாரண ஐப்பசி, கார்த்திகை நாள்களில்தான். மழைக்காற்றில் கம்பி உரசி, கரண்ட் ஒரு நொடி போய்விட்டு உடனே வரும். வீட்டில் விளக்கு கண் சிமிட்டியதாகத்தான் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும் சிப்புக்கு அந்த ஒரு நொடி போதும். எழுதும் வேலை அழிப்பது, எழுதுவது, சரிபார்ப்பது என்று துண்டு துண்டாக நடக்கிறது. பாதியில் நின்றால் முதல் பாதி புதியதாகவும் மறுபாதி பழையதாகவும் அல்லது வெறுமையாகவும் கிடக்கும்.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் போதாது. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்புறம் 'யுபிஎஸ்', 'எக்கோ' என்று இரண்டு நிலை கொண்ட சிறு சுவிட்ச் இருக்கும். எக்கோவில் இருந்தால் லோ வோல்டேஜைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் போனபின் பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம். ஃபேனும் விளக்கும் அதைத் தாங்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். கடைமடைப் பகுதியில், லைனின் கடைசியில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் இந்தச் சுவிட்ச் எக்கோவிலேயே இருப்பது இயல்பு. அப்டேட்டுக்கு முன் அதை யுபிஎஸ் நிலைக்கு மாற்றி, மெயினை அணைத்துப் பார்த்து, மெஷின் நிற்காமல் ஓடுகிறதா என்று சோதித்துவிடுவது இரண்டு நிமிட வேலை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் அறிவித்த நாளைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் இந்தப் பயம் குறைவு. பேட்டரி உயிரோடு இருந்தால்தான். 2011இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் இன்றும் ஓடுகிறவை, பேட்டரி செத்துச் சார்ஜரில் மட்டுமே ஓடுகிற நிலைக்கு வந்திருக்கும். சார்ஜர், பேட்டரி இரண்டும் சரியாக இருந்தால்தான் அப்டேட் தொடங்குவேன் என்று கருவி அடம்பிடிப்பது அந்த லேப்டாப்பின் நன்மைக்காகவே.

கரண்டைவிடக் கூடுதலாகப் பயப்பட வேண்டிய ஒன்றும் உண்டு. தானாக ரீஸ்டார்ட் ஆகும், நடுவில் உறையும் மெஷினுக்கு 'பயாஸ் அப்டேட் பண்ணினால் சரியாகிவிடும்' என்று ஆரம்பிப்பது. கடலும் காயலும் பக்கத்தில் இருக்கும் ஊரில் உப்புக்காற்று ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளிலும் சிப்பின் கால்களிலும் படிகிறது; வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். கப்பாசிட்டர் தலை வீங்கியிருக்கலாம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தளர்ந்திருக்கலாம். அந்த மெஷின், எழுதும் நடுவிலேயே உறையும். முதலில் ரேமைக் கழற்றித் துடைத்து, எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதித்து, சில மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகே பயாஸ் பக்கம் போகலாம். ரேம் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் அதையும் பழைய நிலைக்கு இறக்கிவிட வேண்டும்.

நவம்பர் 24

நல்லபடியாக எழுதி முடிந்த பிறகும் 'கெட்டுவிட்டது' என்று தோன்றவைக்கும் இரண்டு மூன்று நிலைமைகள் வருகின்றன. அப்டேட், செட்டிங் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும். டிஸ்க் முன்பு எந்த முறையில் இருந்ததோ அது மாறியிருக்கலாம். பழைய (லெகசி) முறையில் ஏற்றிய விண்டோஸ் என்றால் பூட் வரிசையில் காணவே காணாது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று ஃபார்மட் செய்தவர்கள் உண்டு. அப்டேட்டுக்கு முன் பயாஸ் பக்கங்களைப் போனில் படமெடுத்து வைத்திருந்தால் பார்த்துத் திருப்பிப் போட்டுவிடலாம்.

அடுத்தது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. பயாஸ் மாறியதை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி கண்டுபிடித்து, டிஸ்கைத் திறக்க 48 இலக்கச் சாவி கேட்கும். விண்டோஸ் 11இல், குறிப்பாக 2024 அக்டோபரில் வந்த 24எச்2க்குப் பிறகு, யாரும் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது சகஜம். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் முத்துப்பேட்டையில் கேட்க வேண்டிய கேள்வி. துபாயில் அண்ணன் வாங்கி, அங்கேயே தன் கணக்கில் திறந்து, ஊருக்குக் கொடுத்தனுப்பிய லேப்டாப் என்றால் சாவி அண்ணனிடம்தான். பயாஸ் ஃபைலை எடுப்பதற்கு முன் அவருக்கு ஒரு போன் போட்டு, அந்த இலக்கங்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சாவி கிடைக்காவிட்டால் டிஸ்கில் இருக்கும் கல்யாணப் படங்களுக்கு எந்தக் கடையிலும் வைத்தியம் இல்லை.

டிடிஆர்5 ரேம் உள்ள புது மெஷின்களில், அப்டேட்டுக்குப் பின் முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பாக இருக்கும். பொறுமையிழந்து சுவிட்சை அணைத்தால், அந்தப் பழக்கும் வேலை மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

டிசம்பர் 5

டெட் ஆன போர்டு எல்லாமே டெட் அல்ல. சில டெஸ்க்டாப் போர்டுகளில் பின்புறம் ஒரு தனி யுஎஸ்பி துளையும் பக்கத்தில் சிறு பட்டனும் இருக்கும். பிராசசரும் ரேமும் இல்லாமலேயே பென்டிரைவில் இருந்து பயாஸை எழுதிக்கொள்ளும். ஃபைலுக்கு மேனுவல் சொல்லும் பெயரையே வைக்க வேண்டும், பென்டிரைவ் ஃபேட்32இல் இருக்க வேண்டும். சில போர்டுகளில் மாற்றுக்கு இரண்டாவது சிப்பே உண்டு. எச்பி லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் அழுத்தியபடி பவரைப் போடுவது, டெல்லில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தியபடி சார்ஜரைச் செருகுவது என்று மீட்பு வழிகள் இருக்கின்றன. சிப்பின் தொடக்கப் பகுதி பிழைத்திருந்தால் இவை வேலை செய்யும்.

எதுவும் எடுபடாவிட்டால் புரோகிராமர். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சிஎச்341ஏ என்ற கறுப்புப் போர்டும், சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்வும் கிளிப்பும்தான் பெரும்பாலான கடைகளின் ஆயுதம். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டே கிளிப்பை மாட்ட வேண்டும். சிப்பின் மூலையில் உள்ள புள்ளி முதல் காலைக் காட்டும். கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். சிப்பின் பெயரில் முடிவெழுத்தையும் பார்க்க வேண்டும். வின்பாண்ட் சிப்பில் எஃப்வி, ஜேவி என்றால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றால் 1.8 வோல்ட். குறைந்த வோல்ட் சிப்புக்கு நடுவில் அடாப்டர் வைக்காமல் மாட்டினால் எழுத வேண்டிய சிப்பே போய்விடும். அந்தக் கறுப்புப் போர்டின் மலிவான ரகம் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் விடுவதால் 3.3 வோல்ட் சிப்புக்கும் அது முழு நம்பிக்கைக்குரியதல்ல.

கிளிப் கவ்வியதும் பலர் உடனே எழுதத் தொடங்குகிறார்கள். அது பெரிய தவறு. முதலில் கெட்டுப்போன சிப்பில் இருப்பதைப் படித்து டம்ப் எடுத்து வைக்க வேண்டும்; இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். எல்லா இடத்திலும் எஃப்எஃப் என்றே வந்தால் சிப் காலியாகியிருக்கலாம். கிளிப் சரியாகக் கவ்வாமலும் இருக்கலாம். உப்புப் பூத்த கால்களை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி படித்தால், பல நேரம் பழைய எழுத்துகள் வந்துவிடும்.

டம்ப் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அந்தச் சிப்பில் பயாஸ் மட்டும் இல்லை. லேப்டாப்பின் சீரியல் எண், நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி, தயாரிப்பாளர் பதித்த விண்டோஸ் சாவி எல்லாம் அதே சிப்பில் இருக்கக்கூடும். இன்டெல் மெஷின்களில் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற தனிப் பகுதியும் உண்டு. அதே மாடல் வேறொரு லேப்டாப்பில் இருந்து எடுத்த டம்பை அப்படியே போட்டால் திரை வரும், வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். பிறகு விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கும், வாரண்டிக்குக் கொடுத்தால் சீரியல் எண் வேறாக இருக்கும். என்ஜின் பகுதி பொருந்தாமல் போனால் மெஷின் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையும். பழைய டம்பில் இருந்து இந்தப் பகுதிகளை எடுத்துத் தயாரிப்பாளரின் புதிய ஃபைலில் அந்தந்த இடத்தில் வைத்து எழுதினால், போர்டு தன் அடையாளத்தோடு திரும்பும். எழுதி முடித்து, சரிபார்த்து, கிளிப்பைக் கழற்றி, சிமாஸ் பேட்டரியை ஒருமுறை எடுத்து மாட்டிய பிறகு பவர் போடலாம். அந்த டம்பை லேப்டாப்பின் சீரியல் எண்ணைப் பெயராக வைத்துக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதியும், வாடிக்கையாளர் பென்டிரைவில் ஒரு பிரதியும் வைத்துக் கொடுக்கும் கடையில் மெஷினைத் தைரியமாக விடலாம்.