பத்துப் பேருக்குக் குறைவான இடம்

கூனிமேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நாங்கள் இருவரும் பல் மருத்துவமனை தொடங்கியபோது உதவிக்கு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டோம். பிளஸ் டூ முடித்தவள். அவளை அழைத்து வந்த தகப்பனார் உப்பளத் தொழிலாளி. சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

"லெட்டர் எதாச்சும் குடுப்பீங்களா டாக்டரம்மா?" என்றார்.

மழை இறங்கினால் வேலையற்றுப் போகும் தொழிலில் இருப்பவருக்குக் காகிதத்தின் அருமை தெரிந்திருந்தது. நாங்களோ, "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கறோம்ங்க" என்று மழுப்பினோம். வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, வார விடுமுறையும் கிடையாது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பிறகு சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது, வெட்கத்துடன் சொல்கிறோம், ஆறுதலாகவே இருந்தது. ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியவை பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு. வருங்கால வைப்பு நிதி இருபது பேருக்கு. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கோரும் உள்ளகக் குழுவும் பத்திலிருந்துதான். அதற்குக் குறைந்த இடங்களில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். அப்படியொரு குழு உண்டென்று அவளிடம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான், சொல்லவில்லை. எங்களிடம் வேலை செய்தவர்கள் இரண்டே பேர்.

ஆறாவது மாதம், பயன்படுத்திய ஊசிக்கு மூடியிடும்போது அவள் விரலில் குத்திவிட்டது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்று அப்போதுதான் கேட்டோம். இல்லை. நாங்கள் இருவரும் கல்லூரி நாட்களிலேயே போட்டுக்கொண்டவர்கள். 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தலைகளை எண்ணுவதில்லை. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும் பின்னர் ஆண்டுதோறும் பயிற்சியும் உடற்பரிசோதனையும் தர வேண்டும். ஒருவரே இருந்தாலும் இது பொருந்தும்.

புதுச்சேரிக்குக் காரில் அழைத்துச் சென்றோம். வழியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மேடம், இன்னைக்கு சம்பளம் புடிப்பீங்களா?"

பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று வந்தது. அதற்குள் நாங்கள் தூங்காத இரவுகள் பல.

பயிற்சி என்பது ஏட்டுச் சொல் அன்று. 2022-23இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புடைய மூளைத் தொற்றுக்கு ஆளான பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். அறுவைக் கருவியொன்றால் சலைன் புட்டியைத் திறந்து, பஞ்சால் தளர்வாக மூடி வைத்து, மீண்டும் பயன்படுத்தியிருந்தார்கள் என்று 2025இல் வெளியான ஆய்வு சொல்கிறது. புட்டியை எப்படித் திறப்பது என்று எங்கள் பெண்ணுக்கும் நாங்கள் சொல்லித் தந்திருக்கவில்லை. பார்த்துப் பழகிக்கொள்வாள் என்று விட்டிருந்தோம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆட்கணக்குப் பாராமல் குறைந்தபட்ச ஊதியத்தை எல்லாப் பணியாளருக்கும் உரியதாக்கியிருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும்.

கடைசியில் கடிதம் எழுதினோம். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, தடுப்பூசிச் செலவு எங்களுடையது என்பது எல்லாம் தமிழில். தகப்பனார் வந்து உட்கார்ந்தார். மகள் படித்துக் காட்டினாள். ஞாயிறு விடுமுறைக்கும் சம்பளம் உண்டு என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை மடித்து, ரேஷன் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார்.